விறகுக்கடைக் கட்டைகள் ஐந்து: எது என்ன மரம், எதில் எதைக் கடையலாம்?

தாராபுரம் கடைசல்

வணக்கமுங்க. சாலையோரம் வெட்டிப் போட்டதும் விறகுக்கடையில் எடைக்கு வாங்கினதுமாக 5 கட்டை இருக்குதுங்க. கடையில் கேட்டால் "எல்லாம் காட்டு மரந்தான்" என்கிறார்கள். லேத் சின்னது. 10 அங்குல விட்டம் வரைக்கும் சுத்தும், 18 அங்குல நீளம் பிடிக்கும், அரை ஹெச்.பி. மோட்டார். கடைய நினைப்பது பம்பரம், பூரிக்கட்டை, மத்து, குழந்தைகளுக்குச் சொப்புச் சாமான், ஒரு கிண்ணம்.

கட்டை 1: 5 அங்குல விட்டம், 2 அடி நீளத்தில் 2 துண்டு. நடுவிலிருந்து பட்டை வரைக்கும் ஒரே வெள்ளை. வெட்டி 3 நாளாச்சு. வெட்டின முகத்தில் பால் வடிந்து காய்ந்திருக்கிறது.

கட்டை 2: 11 அங்குல விட்டம். நடுவில் காப்பிக்கொட்டை நிறம், சுற்றிலும் 1 அங்குலத்துக்கு வெள்ளை. அறுத்தால் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வருது.

கட்டை 3: 6 அங்குலம், கோணல்மாணல், பட்டையில் முள். வெளியே சன்னமாக மஞ்சள், உள்ளே கருஞ்சிவப்பு.

கட்டை 4: 7 அங்குலம். முழுக்க மஞ்சள். பட்டை தடிமனாக, தக்கை மாதிரி ஆழமாக வெடித்திருக்கிறது. பால் இல்லை.

கட்டை 5: பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம், அதாவது நடுவில் அச்சு நுழையும் கட்டை. பாதியாகப் பிளந்தது. ரொம்பக் கனம்.

எது என்ன மரம், எதை எதுக்கு எடுக்கலாம், இப்பவே கடையலாமா, காய வைக்கணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

உளிவாய்

தம்பி, நிறத்தை வைத்து மரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதிக்குப் பாதி தப்பும். ஒரே மரத்தில் அடிக்கட்டை ஒரு நிறம், கிளை ஒரு நிறம். வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் இன்னொரு நிறம். மாறாமல் இருப்பது தலைப்பக்கம்தான், அதாவது குறுக்கே வெட்டின முகம்.

ரம்பம் போட்ட முகத்தில் ஒண்ணும் தெரியாது. நார் கிழிந்து துளைகளை அடைத்திருக்கும். புது பிளேடு ஒன்றை எடுத்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவுங்க. சீவின இடம் பளபளன்னு இருக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி தடவி 10 மடங்கு லென்ஸில் பாருங்க. நகைப் பட்டறையில் கண்ணுக்கு வைப்பார்களே, அது போதும். பார்க்க வேண்டியது மூன்று. துளைகள் வெறும் கண்ணுக்கே தெரிகிறதா, லென்ஸில்தான் தெரிகிறதா? ஒவ்வொரு துளையையும் சுற்றி வெளிறின வளையம் இருக்கிறதா? நடுவிலிருந்து பட்டைக்கு ஆரக்கால் மாதிரி ஓடும் கோடுகள் சன்னமா, தடிமனா?

அடுத்தது எடை. ஒவ்வொன்றிலும் 5 செ.மீ. x 5 செ.மீ. x 2 செ.மீ. துண்டு அறுத்தால் அது 50 கன செ.மீ. அடுப்படியில் உலை மூடிமேல் வைத்தோ, ஓவனில் 100 டிகிரியில் வைத்தோ, எடை குறைவது நிற்கும் வரை காய வைத்து நிறுங்க. 25 கிராம் வந்தால் தண்ணியில் பாதி எடை, 40 வந்தால் நல்ல கனமரம். ஈரத்தோடு நிறுத்த எடைக்கு அர்த்தமே கிடையாது. முருங்கைகூட ஈரத்தில் கனக்கும்.

இப்ப உங்க கட்டைகள்.

2-ஆவது வாகை அல்லது தூங்குமூஞ்சி. ரெண்டுக்கும் துளை பெருசு, வெறும் கண்ணுக்கே ஊசி குத்தின மாதிரித் தெரியும், சுற்றி வெளிறின வளையம் இருக்கும். தும்மல் வருவதால் வாகை பக்கம் சாயத் தோணும். ஆனால் தூங்குமூஞ்சித் தூளும் மூக்கை விடாது. காய்ந்த துண்டு 32 கிராமுக்கு மேல் போனால் வாகை, 28-க்குக் கீழே என்றால் தூங்குமூஞ்சி என்று எடுத்துக்கலாம். நடுவில் வந்தால் இலையையோ காயையோ பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. வாகைக் காய் வெளிர் வைக்கோல் நிறத்தில் தட்டையாக, காற்றில் கலகலன்னு சத்தம் போடும். தூங்குமூஞ்சிக் காய் கறுப்பு, உள்ளே பிசுபிசுன்னு இனிப்புச் சதை இருக்கும், ஆடுமாடு விரும்பித் தின்னும்.

3-ஆவது சீமைக்கருவேலம் என்றுதான் படுது. விறகாகவும் கரியாகவும் போகிற இந்த மரத்தைக் கடைசல்காரர்கள் தவறவிடுவது பெரிய நஷ்டம். காயும்போது சுருங்குவது ரொம்பக் கம்மி. மற்ற மரம் வட்டமாகக் கடைந்து வைத்தால் நீள்வட்டம் ஆகும். இது கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். வைரப்பகுதியில், அதாவது உள்ளே இருக்கும் கருஞ்சிவப்பில், உளி வழவழன்னு ஓடும், உப்புத்தாளுக்கு வேலை கம்மி. குறை என்னன்னா, நேரான துண்டு 1 அடிக்கு மேல் கிடைப்பது கஷ்டம், நடுவில் பட்டை புகுந்த பொந்து இருக்கும், வெளி மஞ்சளை வண்டு துளைத்து மாவாக்கும். அதனால் மஞ்சளைச் சீவித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுங்க. முள்ளைக் குறடு வைத்துப் பிடுங்கிவிட்டுத்தான் லேத்தில் ஏற்றணும். குத்தினால் சீழ் வைக்கும்.

மாதிரித் துண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கணும்னா கோவை வனவளாகத்தில் 1902-இல் ஆரம்பித்த காஸ் வன அருங்காட்சியகம் இருக்குது. மர மாதிரிகள் பேரோடு வைத்திருக்கிறார்கள். லென்ஸைக் கையோடு கொண்டு போங்க.

1-ஆவது வெட்பாலை. சன்னபட்டணப் பொம்மை எல்லாம் அந்த மரத்தில்தான். சொப்புக்கு அதைவிட நல்ல மரம் நம்ம பக்கம் இல்லை.

கொறங்காட்டு வேலி

உளிவாய் அண்ணா, மற்றதெல்லாம் சரி. கட்டை 1-ஐ மட்டும் போட்டோகூடப் பார்க்காமல் வெட்பாலை என்று முடிவு கட்டக் கூடாதுங்க. குழந்தை வாயில் வைக்கிற சொப்பு செய்யப் போகிறார். சாலையோரத்தில் வெட்டின, பால் வடிகிற, முழு வெள்ளை மரம் நம்ம பக்கம் ஒன்று இல்லை, மூன்றாவது இருக்குது: வெட்பாலை, ஏழிலைப்பாலை, மஞ்சள் அரளி. மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் பால் வரும், மூன்றும் வெள்ளை. இதில் மஞ்சள் அரளி விஷம். காய் மட்டுமில்லை, பால், பட்டை, மரம் எல்லாமே. தூளை மூச்சில் இழுப்பதே ஆபத்து. நாற்கரச் சாலை நடுவில் வைத்திருக்கும் செவ்வரளியும் அப்படித்தான்.

பிரித்துப் பார்ப்பது இப்படி.

வெட்டின இடத்துக்குப் போய் அடிக்கட்டையில் துளிர் இருக்கான்னு பாருங்க. இலை ரெண்டு ரெண்டாக எதிரெதிரே இருந்தால் வெட்பாலை. 5, 6, 7 இலை ஒரே கணுவில் வட்டமாக நின்றால் ஏழிலைப்பாலை. நீளமாக, விரலைவிடச் சன்னமாக, பளபளப்பாக, ஒன்று விட்டு ஒன்று சுற்றி அடுக்கியிருந்தால் மஞ்சள் அரளி. காய் கிடந்தால் இன்னும் சுலபம். வெட்பாலைக்கு முருங்கைக்காய் மாதிரிச் சன்னமான ரெட்டைக் காய், இளசில் ரெண்டின் நுனியும் ஒட்டியிருக்கும். அரளிக்குப் பச்சையில் முக்கோணமாகத் திரண்ட ஒற்றைக் காய், உள்ளே கல் மாதிரிக் கொட்டை.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். சித்த வைத்தியத்தில் தோலுக்குப் போடும் வெட்பாலைத் தைலம் அதுதான். அரளி இலையைத் தெரியாமல் கிள்ளிவிடக் கூடாதென்பதால் இலை அடுக்கைப் பார்த்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்க.

இலையே கிடைக்கவில்லை என்றால் மரத்தில் ஒரு பகுதி சொல்ல முடியும். ஏழிலைப்பாலை ரொம்ப லேசு, அண்ணா சொன்ன 50 கன செ.மீ. துண்டு 20 கிராமை ஒட்டித்தான் நிற்கும். பட்டைப்பக்கத்துப் பலகை முகத்தில் கீறல் கீறலாகச் சின்னப் பிளவுகள் இருக்கும், பால் ஓடின வழி அது. விஷம் இல்லைதான், ஆனால் கடைந்தால் பஞ்சு பஞ்சாக எழும்பும், விளிம்பு நிற்காது. வெட்பாலையையும் அரளியையும் வெறும் மரத்தை வைத்துப் பிரிக்கப் போகாதீங்க. சந்தேகம் தீராவிட்டால் அடுப்பில்கூட வைக்காமல் குழியில் போட்டு மூடுங்க, அரளிப் புகையும் ஆகாது.

மலையடிவாரப் பக்கம் இருந்து வரும் விறகில் எட்டி மரமும் கலந்திருக்கும். சாம்பல் கலந்த வெள்ளை, நெருக்கமான இழை, நல்ல கனம், பால் வராது. அதையும் சமையல் சாமானுக்கோ பொம்மைக்கோ தொடக் கூடாது.

கட்டை 4: பட்டை தக்கை மாதிரி, பால் இல்லை, முழு மஞ்சள் என்றால் மஞ்சணத்தி, அதாவது நுணா. பலாவும் மஞ்சள்தான், ஆனால் பலாவில் துளை வெறும் கண்ணுக்கே தெரியும், பச்சையில் பால் ஒட்டும். மஞ்சக்கடம்பும் மஞ்சள், ஆனால் அது மலைப்பக்கத்து மரம், பட்டை இப்படித் தக்கையாக வெடிக்காது. தலைப்பக்கம் சீவிப் பார்த்தால் நுணாவில் துளை லென்ஸில்தான் தெரியும்.

தாராபுரம் கடைசல்

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றிங்க. சொன்னபடி பார்த்த விவரம்:

கட்டை 1: அடிக்கட்டைத் துளிரில் இலை எதிரெதிரே, ரெண்டு ரெண்டாக. பக்கத்திலேயே இன்னொரு மரம் நிற்குது, அதில் நுனி ஒட்டின ரெட்டைக் காய் தொங்குது. காய்ந்த துண்டு 35 கிராம். துளை லென்ஸிலேயே பொடிப்பொடியாகத்தான் தெரியுது.

கட்டை 2: 27 கிராம். கட்டை 3: 41 கிராம். கட்டை 4: 30 கிராம், துளை கண்ணுக்குத் தெரியலை.

கட்டை 1-இன் தலைப்பக்கம் இன்றைக்கு மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விட்டிருக்குது. ஒரு ஓரத்தில் சாம்பல் கலந்த நீலம் தட்டுது. கெட்டுப் போச்சுங்களா?

கொறங்காட்டு வேலி

ரெட்டைக் காய் நுனி ஒட்டியிருக்கு, இலை எதிரெதிர், 35 கிராம். வெட்பாலைதான், தைரியமாக எடுங்க. மற்றதை உளிவாய் அண்ணா சொல்வார்.

உளிவாய்

வேலி சொன்னது சரி, கட்டை 1-இல் என் அவசரம் தப்பு. வெட்பாலைப் பொம்மை என்று எழுதும் யாரும் அரளியையும் சேர்த்து எழுதணும்.

நீலம் என்பது பூஞ்சை. மரத்தின் பலத்தைக் குறைக்காது, ஆனால் உள்ளே இறங்கினால் சீவி எடுக்க முடியாது. வெள்ளை மரத்தைப் பட்டையோடு, ஈரத்தோடு, காற்றுப் புகாமல் அடுக்கினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். வெடிப்பு வேற காரணம். தலைப்பக்கம் வழியாகத் தண்ணி பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறுது. தலை சுருங்குது, உள்ளே ஈரமாக இருக்கிற மரம் சுருங்க விடமாட்டேங்குது, நடுவில் கிழியுது. நம்ம பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிறபோது தாராபுரம், பல்லடம், உடுமலையில் வெட்டின கட்டை ரெண்டே நாளில் வெடிக்கும்.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது:

ரெண்டு தலையிலும் 2 அங்குலம் அறுத்துத் தள்ளுங்க. சீவிப் பார்த்து மயிர்க்கோடு இன்னும் தெரிந்தால் மறுபடி அரை அங்குலம். 20 அங்குலம் நல்ல மரம் மிஞ்சும். பட்டையை உரித்துவிட்டு நடுவோடு பிளந்து, மறுபடி பிளந்து நாலாக்குங்க. கோடாலி அல்லது ஆப்பு வைத்துப் பிளந்தால் இழையோடு போகும், ரம்பத்தைவிட அதுதான் நல்லது. நடுச்சோறு, அதாவது கட்டையின் மையத்தில் இருக்கும் மெத்தான பகுதி, எந்தத் துண்டிலும் இருக்கக் கூடாது. அதைச் சுற்றித்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். 5 அங்குலக் கட்டை நாலாகப் பிளந்தால் ஒவ்வொன்றிலும் 40 மி.மீ. சதுரச் சட்டம் ஒன்று வரும். ரெண்டு கட்டைக்கு 8 சட்டம். ஒவ்வொன்றும் 14 அங்குலத்துக்கு ஒரு பூரிக்கட்டை, மிச்சம் 6 அங்குலத்தில் சொப்பு.

அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் தலைப்பக்கம் ரெண்டிலும் உருக்கின மெழுகில் முக்குங்க. மெழுகு இல்லையென்றால் ஃபெவிகால் தண்ணி கலக்காமல் ரெண்டு பூச்சு. அப்புறம் கூரைக்குள்ளே, நேர்க்காற்று படாமல், ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டுக் குச்சி வைத்து அடுக்குங்க. வெயிலில் வைக்கவே கூடாது. 40 மி.மீ. சட்டம் 4 முதல் 6 மாதத்தில் காயும். நாள்கணக்கை நம்பாமல் ஒரு சட்டத்தில் பேனாவால் எடையை எழுதி வாராவாரம் நிறுங்க. தொடர்ந்து 3 வாரம் மாறலைன்னா காய்ந்தது.

பூரிக்கட்டைக்கு முடிந்த விட்டம் 35 மி.மீ. வையுங்க. லேத் வேகம் நிமிஷத்துக்கு 2000 முதல் 2500 சுற்று. சாய்வு உளியில் கடைசிச் சீவல் எடுத்தால் வெட்பாலை தந்தம் மாதிரி வரும், 240 உப்புத்தாளில் ஆரம்பித்தால் போதும். உளி மழுங்கியிருந்தால் அப்பவே காட்டிக்கொடுக்கும், இழை நசுங்கி மங்கலாகும்.

கட்டை 2: 27 கிராம் என்றால் தூங்குமூஞ்சி. இதில்தான் கிண்ணம். தூங்குமூஞ்சி பச்சையிலேயே கடையத் தோதான மரம், சுருக்கம் கம்மி. 11 அங்குலக் கட்டையை 9 அங்குல நீளத்துக்கு அறுத்து, நடுவோடு பிளந்து, சோற்றுப்பக்கம் முக்கால் அங்குலம் சீவித் தள்ளுங்க. அந்தத் தட்டை முகம் கிண்ணத்தின் வாய், பட்டைப்பக்கம் அடி. 8 அங்குல விட்டம், 3 அங்குல உயரம் தாராளமாக வரும். மூலைகளை ரம்பத்தில் வெட்டி வட்டமாக்கின பிறகு ஃபேஸ்பிளேட்டில் (மரத்தைத் திருகாணியால் பிடிக்கும் லேத் தட்டு) மாட்டுங்க. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வேகத்தோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் இருக்கணும். 8 அங்குலத்துக்கு 750 முதல் 1100. ஆனால் அது வட்டமாகி, நடுக்கம் நின்ற பிறகு. ஆரம்பத்தில் 400, 500-க்கு மேல் போனால் லேத் நடக்க ஆரம்பித்துவிடும்.

ரெண்டு வழி இருக்குது. ஒன்று, பச்சையிலேயே சுவர் முழுக்க ஒரே 6 மி.மீ.க்குக் கடைந்து முடித்துவிடுவது. லேசாக நெளியும், வெடிக்காது. அடி தடிமனாகவும் விளிம்பு சன்னமாகவும் விட்டால்தான் வெடிக்கும், ஏனென்றால் விளிம்பு முதலில் காய்ந்து அடியை இழுக்கும். ரெண்டாவது, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 மி.மீ. சுவர் விட்டுத் தோராயமாகக் கடைந்து, கடைந்த சீவலோடு காகிதப் பையில் போட்டுக் கட்டி வைத்து, எடை நின்ற பிறகு மறுபடி கடைவது. வட்டம் சுத்தமாக வேணும்னா இதுதான். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தூங்குமூஞ்சியின் துளை பெருசு. சாம்பார், எண்ணெய் எல்லாம் துளைவழி இறங்கும். பழம், கடலை மாதிரிக் காய்ந்த பண்டத்துக்கு மட்டும். இழை ஒரு அடுக்கு வலப்பக்கம், அடுத்த அடுக்கு இடப்பக்கம் என்று மாறி மாறிப் போவதால் ஒரு திசையில் வழவழன்னும் மறு திசையில் பிய்ந்தும் வரும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீங்க. உளியைப் புதுசாகத் தீட்டி, சன்னச் சீவலாக, கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் வாயிலிருந்து அடிக்கு எடுக்காமல் அடியிலிருந்து அகலமான வாய்ப்பக்கம் எடுங்க. முகமூடி கட்டாயம்.

கட்டை 4, நுணா. மத்துக்குத் தோது என்று தோணும். அதுக்கு முன்னாடி ஒரு சில்லை வெந்நீரில் ஒரு ராத்திரி ஊற வையுங்க. தண்ணி மஞ்சளானால் மோரும் மஞ்சளாகும். அப்படின்னா மத்துக்கு வெட்பாலைச் சட்டம் ஒன்றை ஒதுக்கிவிட்டு நுணாவைப் பொத்தான், டப்பா, பிடி மாதிரிக் காய்ந்த வேலைக்கு வையுங்க.

செக்குக்கட்டை

கட்டை 5-ஐ யாரும் தொடலையே. வண்டிக் குடம் பெரும்பாலும் கருவேலம். துருப்பிடித்த இரும்புப் பட்டாவைச் சுற்றி மரம் மையை ஊற்றின மாதிரி கறுத்திருக்கிறதா பாருங்க. கருவேலத்தில் இருக்கும் துவர்ப்பு இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் அப்படிக் கறுக்கும். (அதே காரணத்தால் ஈரமான கருவேலத்தை லேத்தின் இரும்புப் பெட் (அடித்தளம்) மேல் போட்டு வைக்காதீங்க, ரெண்டுமே கறைபடும்.)

பழைய மரத்தில் முதல் வேலை இரும்பைத் தேடுவது. நல்ல காந்தம் ஒன்றை நூலில் கட்டி ஒரு விரற்கடை உயரத்தில் நாலு பக்கமும் ஆட்டிக்கொண்டே போங்க. இழுக்கிற இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி. உடைந்த ஆணி ஒன்று போதும், உளி முனை போய்விடும், சில்லு கண்ணுக்குப் பறக்கும்.

குடத்தில் நடுவில் அச்சுத் துளை, பக்கத்தில் ஆரக்கால் துளைகள். முழு உருப்படி எதுவும் வராது. ஆரக்கால் துளைகளுக்கு நடுவில் நீளவாக்கில் சட்டம் எடுக்கணும். இழை அச்சின் திசையில்தான் ஓடும், அதனால் நல்ல நேரான துண்டு வரும். அச்சுத் துளையைச் சுற்றி அரை அங்குலத்துக்கு மசகு ஊறியிருக்கும், அங்கே எந்தப் பாலிஷும் ஒட்டாது, தள்ளிவிடுங்க.

இதுதான் பம்பரத்துக்கு மரம். வெட்பாலையில் பம்பரம் கடையாதீங்க. பார்க்க அழகாக இருக்கும், குத்து வாங்கினால் பிளக்கும், எடை பத்தாததால் சுத்தும் நேரமும் கம்மி. கருவேலம், புளி, கொய்யா மூன்றும் பம்பரத்துக்கு ஏற்றவை. உங்க கட்டை 3-இன் வைரமும் ஆகும், கொஞ்சம் நொறுங்கும் குணம் உண்டு.

அளவு: தலை 50 மி.மீ. விட்டம், ஆணி தவிர உயரம் 65 மி.மீ. எல்லாரும் தப்புச் செய்யும் இடம் ஆணி. குறுக்கே வெட்டின முகத்தில் இழையோடு அடிப்பதால் ஆணி ஆப்பாக மாறிப் பிளக்குது. 4 மி.மீ. ஆணிக்கு 3 மி.மீ. துளை முன்னாடியே போடுங்க, ஆழம் 30 மி.மீ. துளையைக் கையால் போட்டால் நடு விலகிப் பம்பரம் ஆடும். லேத்தில் இருக்கும்போதே டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) டிரில் சக்கு மாட்டி, மரம் சுத்த, துளைப்பான் நிற்க, போடுங்க. ஆணியில் சோப்புத் தடவி அடித்து, தலையை வெட்டி, வெளியே 12 மி.மீ. விட்டு, மறுபடி சுத்தவிட்டு அரத்தால் முனையை உருட்டுங்க. மரம் முழுக்கக் காய்ந்திருக்கணும். ஈரத்தில் அடித்தால் மரம் சுருங்கும், ஆணி சுருங்காது, ஒரு மாதத்தில் வெடிக்கும்.

பவானி ஆத்தோரம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். கருங்காலி மணி கடைய ஒருத்தர் கட்டை கொடுக்கிறார், கிலோ விலை ரொம்ப அதிகம் சொல்றார். நிஜமான்னு எப்படிப் பார்ப்பது?

உளிவாய்

ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் அழுத்தித் துடையுங்க. பஞ்சு மையாகக் கறுத்தால் சாயம் ஏற்றின மரம். அப்புறம் கட்டையைக் குறுக்கே அறுக்கச் சொல்லுங்க. சாயம் வெளி மில்லிமீட்டர்களில்தான் நிற்கும், நடுவில் மரத்தின் சொந்த நிறம் வெளிறித் தெரியும். அறுக்க விடமாட்டேன் என்றால் வாங்காதீங்க. தலைப்பக்கம் சீவினால் கருங்காலியில் துளை லென்ஸில்தான் தெரியும். வெறும் கண்ணுக்கே துளை தெரிகிற கறுப்பு மரம் கருங்காலி கிடையாது. இன்னொன்று, சந்தனம், ஈட்டி, கருங்காலி மூன்றையும் எங்கிருந்து வந்தது என்ற வனத்துறைக் காகிதம் இல்லாமல் கையில் வாங்காதீங்க.

வேங்கை என்று சொல்லி டம்ளர் கடையக் கொடுக்கும் கட்டைக்கும் சோதனை உண்டு. சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணியில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து வெயிலில் கறுப்புத் துணியை வைத்துப் பாருங்க. தண்ணி தேன் நிறமாக இருந்து, சாய்த்துப் பார்க்கும்போது நீலம் மினுங்கினால் வேங்கை.

தாராபுரம் கடைசல்

சொப்புக்கு என்ன பாலிஷ் போடலாமுங்க? பூரிக்கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் போதுமா?

செக்குக்கட்டை

பூரிக்கட்டைக்கும் கிண்ணத்துக்கும் தேன்மெழுகு 1 பங்கு, சாப்பாட்டுக்கு ஆகும் மினரல் ஆயில் 4 பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேற கிண்ணம் வைத்து உருக்கிக் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுத் துணியால் துடையுங்க. தேங்காய் எண்ணெய் கெடுதல் இல்லை, ஆனால் காய்ந்து இறுகாது, மாவில் வாசம் ஏறும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், சிக்குவாடை அடித்துப் பிசுக்குப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்கள் துடைத்த துணியைக் கசக்கிப் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு தூக்கிப் போடுங்க.

சொப்புக்கு அரக்குதான். அரக்குக் குச்சியைச் சுத்துகிற மரத்தின்மேல் அழுத்தினால் உராய்ந்த சூட்டிலேயே உருகி ஒட்டும். அப்புறம் தாழை மடலை நீளவாக்கில் மடித்து அழுத்திப் பிடித்து நகர்த்தினால் ஒரே மாதிரிப் பரவிப் பளபளக்கும். ஐந்து விஷயம் கவனம். மரம் முழுக்கக் காய்ந்திருக்கணும், இல்லாவிட்டால் அரக்கு கொப்புளிக்கும். முன்னாடி எண்ணெயோ மெழுகோ பட்டிருக்கக் கூடாது, உரிந்து வரும். வேகம் கம்மியானால் அரக்கு உருகாமல் கோடு கோடாக நிற்கும், கூடினால் கருகும், அதனால் 2 அங்குல உருப்படிக்கு 1200-இல் ஆரம்பித்துக் குச்சியை அழுத்தும் கையால் சரிபண்ணுங்க. நிறத்துக்கு மஞ்சள்தூள் கலந்த குச்சி வாங்கினால் ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் வெயில் படும் ஜன்னலில் வெளுத்துவிடும், அதை நிழலில் வைக்கும் சாமானுக்கு மட்டும். சாயக்குச்சி வாங்கும்போது ஈயம் இல்லாத சாயம் என்று கேட்டு வாங்குங்க, சந்தேகமானால் நிறமில்லாத அரக்கையே போடுங்க. வெட்பாலையின் வெள்ளையே நல்ல நிறம்தான்.

அரக்குக் குச்சி கிடைக்கலைன்னா 100 கிராம் ஷெல்லாக் (சுத்தப்படுத்தின அரக்கு) செதில், 500 மி.லி. ஸ்பிரிட், கண்ணாடிப் பாட்டிலில் ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டிப் பூசலாம். 3 சன்னப் பூச்சு, நடுவில் 400 உப்புத்தாள். சூடான பாத்திரம் எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது, வெள்ளையாகப் பூத்துவிடும்.

கொறங்காட்டு வேலி

தம்பி, பூச்சு போடுவதற்கு முன்னாடி ஒன்று. கட்டை 3-இல் சீவித் தள்ளின மஞ்சள் பகுதியைப் பட்டறையில் குவித்து வைக்காதீங்க. அதிலிருக்கும் வண்டு பறந்து வந்து உங்க வெட்பாலைச் சட்டத்தில் முட்டை வைக்கும், வெள்ளை மரம் அதுக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கே அடுப்புக்கு அனுப்புங்க. அடுக்கி வைத்திருக்கும் சட்டத்துக்குக் கீழே கறுப்புக் காகிதம் விரித்து வையுங்க. வெள்ளை மாவு கொட்டியிருந்தால் எந்தச் சட்டத்துக்கு நேர்கீழே என்று பார்த்து அதை மட்டும் எடுத்து ஓவனில் 60 டிகிரியில், நடுவரை சூடேறும்படி 3 மணி நேரம் வையுங்க. அலங்காரச் சாமான் என்றால் போரிக் ஆசிட் 20 கிராம், போராக்ஸ் 30 கிராம் 1 லிட்டர் தண்ணியில் கரைத்து ஊறவைக்கலாம். பூரிக்கட்டைக்கும் சொப்புக்கும் அந்தக் கரைசல் கூடாது, சூடு மட்டும்தான்.